ஆச்சிகள் பெருகும் காலம்!

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் சாலையில் பதினைந்து மைல் பிரயாணம் செய்தால், தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் என்ற சின்னஞ்சிறு ஊர் வரும். ஊர் சிறிது, கீர்த்தி பெரிது. ஊரை ஒட்டி 114 ஏக்கர் பரப்பில் ஒரு மேடு கிடக்கிறது. 'பரம்பு' என்று அதற்குப் பெயர். 1876-ல் ஜெர்மனியிலிருந்து ஜாகோர் என்பவர் வந்து அதைத் தோண்டிப் பார்த்துவிட்டு, அகப்பட்டதைப் பெர்லினுக்குக் கொண்டு போனார். பிறகு 1899 முதல் சில வருஷங்கள் அலெக்ஸாண்டர் ரே தோண்டினார். 2004-ல் மறுபடியும் தோண்டினார்கள். தோண்டிய போதெல்லாம் கிடைத்தவை ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பெரிய மண் தாழிகள். உள்ளே எலும்புகள். 2023-ல் அந்த இடத்திலேயே, தாழிகளை எடுக்காமல், குழிக்கு மேல் கண்ணாடி போட்டு ஒரு காட்சிசாலை அமைத்துவிட்டார்கள். கண்ணாடிமேல் நின்று குனிந்து பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றத்தான் செய்கிறது.

இந்தத் தாழிகளுக்கு 'முதுமக்கள் தாழி' என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்பதற்கு நம் பாட்டிமார் ஒரு கதை சொல்வார்கள். நீங்களும் கேட்டிருக்கலாம்.

முன்னொரு காலத்தில் ஜனங்களுக்குச் சாவே கிடையாதாம். வயது ஆக ஆக உடம்பு சுருங்குமாம். சுருங்கிச் சுருங்கிக் கைக்குழந்தை அளவு ஆனதும், வீட்டிலுள்ளவர்கள் அவர்களைத் தூக்கி விளக்கு மாடத்தில் வைத்துவிடுவார்களாம். பிறகு அதற்கும் பொறுமை இல்லாமல் போய், ஒரு தாழியில் உட்கார வைத்து, கூடவே கொஞ்சம் சோறும் தண்ணீரும் வைத்து, மூடிப் புதைத்து விடுவார்களாம்.

தாழிகள் நிஜம், கதை கற்பனை. இறந்தவர்களைப் புதைத்த தாழிகள்தான் அவை. ஆனாலும் இந்தக் கதையில் ஒரு விசித்திரம் பாருங்கள். சுருங்கிப் போன பாட்டியை என்ன செய்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாடத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி என்ன நினைத்தாள் என்று ஒருவராவது சொல்வதில்லை.

இன்றைக்கு அதே தாமிரபரணிக் கரையில், நம் தமிழ்நாடு முழுவதிலும், உலகத்தின் பாதி தேசங்களிலும், பாட்டிமாரின் எண்ணிக்கை என்றுமில்லாதபடி பெருகிக்கொண்டு வருகிறது. தாத்தாமாரும் பெருகத்தான் செய்கிறார்கள். ஆனால் பாட்டிமார் அதிகம். ஆகையால் இது முக்கியமாக நம் வாசக சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரம்.

பந்தியில் யார்?

2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூறு பேருக்குப் பத்துப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். சரியாகச் சொன்னால் 10.4. அடுத்த கணக்கு 2021-ல் எடுத்திருக்க வேண்டும், தள்ளிப் போய்விட்டது. ஆனால் மத்திய சர்க்காரின் நிபுணர்கள் கூட்டிக் கழித்துப் போட்ட மதிப்பீடு இருக்கிறது. அதன்படி 2021-ல் 13.6; 2031-ல் 18.2. அதாவது இன்னும் கொஞ்ச காலத்தில், பஸ்ஸில் உங்களோடு பிரயாணம் செய்கிற ஐந்தாறு பேரில் ஒருவர் அறுபதைக் கடந்தவராக இருப்பார். நமக்கு ஒரு படி முன்னால் நிற்கிறது கேரளம்: 2011-ல் 12.6, 2031-ல் 20.9. பீகாரில் 2021 மதிப்பீடு வெறும் 7.7தான். நம் ஊர் ஓட்டல்களிலும் கட்டட வேலைகளிலும் வடக்கத்திப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு பேர் என்று வியந்திருப்பீர்களே, அதற்கு விடை இந்த இரண்டு எண்களுக்கு நடுவே கிடக்கிறது.

"ஜனங்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், அதனால் கிழவர்கள் அதிகமாகிறார்கள். இதைச் சொல்ல நிபுணர் வேண்டுமா?" என்று கேட்பீர்கள். பாதி சரி. சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இப்போது சுமார் 70. ஆனால் அந்த 32-ஐக் கேட்டுவிட்டு, அக்காலத்தில் எல்லோரும் முப்பத்திரண்டில் போய்ச் சேர்ந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பிறந்த குழந்தைகளில் ஏராளமானவை முதல் பிறந்த நாளையே காணவில்லை. அந்தப் பிஞ்சு மரணங்கள்தான் சராசரியைக் கீழே இழுத்தன. தப்பிப் பிழைத்துத் தொண்ணூறு வயது வரை உலக்கை பிடித்த கிழவிகள் அன்றும் உண்டு. இப்போது தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் முதல் வருஷத்தில் இறப்பவை 13 என்று 2020-ஆம் வருஷத்துக் கணக்கு கூறுகிறது. நம் பாட்டிமாரிடம் போய் இந்த எண்ணைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

மற்றப் பாதி காரணம்தான் பெரிது. ஒரு வீட்டுப் பந்தியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். எழுபது வருஷத்துக்கு முன்னால் பந்தியின் தலைப்பில் ஒரு தாத்தா. அவருக்குப் பின்னால் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வாண்டுகள். இன்று அதே பந்தியில் இரண்டு தாத்தா, இரண்டு பாட்டி, கடைசியில் ஒரே ஒரு குழந்தை. அதுவும் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டு! தலைப்பில் இருப்பவர்கள் கூடியதைவிட வாலில் இருப்பவர்கள் குறைந்ததுதான் பந்தியின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. 1971-ல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நாலு குழந்தைகள். 2020-ல் 1.4. தாயும் தகப்பனும் போனால் அவர்கள் இடத்தை நிரப்ப இரண்டு குழந்தைகளாவது வேண்டும் அல்லவா? அந்தக் கோட்டை நாம் தாண்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

யார் செய்த வேலை இது?

1951-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை நடத்தியவர் ஆர். ஏ. கோபாலசாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. மூன்று குழந்தைகளுக்கு மேல் பெறுவதற்கு அவர் தம் அறிக்கையில் ஒரு பெயர் சூட்டினார். தமிழில் சொன்னால் 'முன்யோசனையற்ற தாய்மை'. தாய்மைக்குத்தான் முன்யோசனை கிடையாதாம். தந்தைமையைப் பற்றிப் பேச்சே இல்லை! ஆனால் அவரே பிறகு சென்னை ராஜ்யத்தின் பிரதம காரியதரிசியாக இருந்தபோது, ஆண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யும் திட்டத்தைத் தீவிரமாக நடத்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்ட ஏழைகளுக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு 1956-லேயே இங்கே ஆரம்பமாயிற்று. அப்புறம் சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம். 'நாம் இருவர், நமக்கு இருவர்.'

நாளடைவில் ஆண்கள் மெல்ல நழுவிக்கொண்டார்கள். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. பந்தியைச் சுருக்கிய பெருமை யாருக்கு என்று இனிமேல் யாராவது கேட்டால், தைரியமாகப் பதில் சொல்லுங்கள்.

ஆனால் சுவர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மட்டும் எந்தப் பெண்ணும் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்வதில்லை. வேறு காரணங்கள் இருந்தன. திருநெல்வேலிச் சீமையில் அவற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாளையங்கோட்டையில் 1890-களிலேயே பெண்களுக்கென்று ஸாரா டக்கர் கல்லூரி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போடும் திட்டத்தைக் காமராஜர் 1956-ல் தொடங்கிய எட்டயபுரம், அப்போது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விஸ்தரித்தார். சோறு கிடைத்ததால் பெண் பள்ளிக்கூடம் போனாள்; பள்ளிக்கூடம் போனதால் கல்யாணம் நாலு வருஷம் தள்ளிப் போயிற்று; பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததால் ஆறு பெறவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. எட்டயபுரத்து அடுப்பிலிருந்து இன்றைய 1.4 வரை ஒரே நூல் ஓடுகிறது.

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, தம் ராஜ்யத்து ஜனங்கள் அதிகக் குழந்தைகள் பெறவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இரண்டுக்கு மேல் பெற்றவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் கூடாது என்றிருந்த சட்டத்தையும் அங்கே எடுத்துவிட்டார்கள். ஐம்பது வருஷம் 'பெறாதே, பெறாதே' என்றவர்கள் இப்போது 'பெறு, பெறு' என்கிறார்கள். பெறவேண்டியவளை யாரும் கலந்துகொண்டதாகத் தெரியவில்லை!

வெள்ளிக் கிண்ணத்தின் கதை

இனி நாலு தேசங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்.

உலகத்தில் முதலில் முதுமை எட்டிப் பார்த்த தேசம் பிரான்ஸ். அங்கே அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு ஏழு பேராக இருந்தது 1865-ஐ ஒட்டி. அது பதினாலாக இரட்டிப்பதற்கு 115 வருஷம் பிடித்தது. ஸ்வீடனுக்கு 85 வருஷம். ஆற அமர, மாட்டு வண்டிப் பிரயாணம் மாதிரி. ஜப்பான் ரயில் ஏறிற்று: 1970-லிருந்து 1994-க்குள், 24 வருஷத்தில் இரட்டிப்பு. தென்கொரியா விமானமே ஏறிவிட்டது: 18 வருஷம்! பிரெஞ்சுக்காரருக்கு ஆஸ்பத்திரியும் பென்ஷனும் நிதானமாகக் கட்டிக்கொள்ள நாலு தலைமுறை அவகாசம் இருந்தது. நமக்கு அந்த அவகாசம் இல்லை. 2011-ல் 10.4 என்றும் 2031-ல் 18.2 என்றும் மேலே படித்தீர்களே, இருபது வருஷம்தான்.

வயோதிகருக்குச் சர்க்கார் பணம் கொடுப்பது என்ற யோசனையே சமீப காலத்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-ல் சட்டம் கொண்டு வந்தார். எழுபது வயதுக்கு மேல் பென்ஷன். அந்தக் காலத்தில் எழுபதைத் தொட்ட தொழிலாளி எத்தனை பேர்? கெட்டிக்கார மனிதர்! இங்கிலாந்தில் 1909 புத்தாண்டு தினத்திலிருந்து வாரத்துக்கு ஐந்து ஷில்லிங். நம் சென்னை ராஜ்யத்தில் 1962-ல் மாதம் இருபது ரூபாய்.

ஜப்பானுக்கு வருவோம். நம்மைப் போலவே அவர்களுக்கும் அறுபது வருஷச் சக்கரம் உண்டு. நாம் பிரபவ, விபவ என்று எண்ணுவது போல் அவர்களும் எண்ணி, அறுபது முடிந்ததும் மறுபடி பிறந்ததாக வைத்துக்கொண்டு, கிழவருக்குக் குழந்தை மாதிரி சிவப்புச் சட்டையும் குல்லாயும் போட்டு மகிழ்வார்கள். நாம் சஷ்டியப்தபூர்த்தி செய்து மறுபடி தாலி கட்ட வைக்கிறோம். அறுபதை எட்டுவது அபூர்வமாக இருந்த காலத்து விழாக்கள் இவை. இப்போது அறுபதாம் கல்யாணத் தம்பதிகளைப் பார்த்தால், அவர்களுடைய பெற்றோரும் முன் வரிசையில் உட்கார்ந்து அட்சதை போடுகிறார்கள்!

1963-ல் ஜப்பானிய சர்க்கார், நூறு வயதானவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளிக் கிண்ணம் பரிசளிக்கத் தொடங்கியது. அப்போது தேசம் முழுவதிலும் நூறைத் தாண்டியவர்கள் 153 பேர். தாராளமாகக் கொடுத்தார்கள். வருஷா வருஷம் எண்ணிக்கை ஏறிற்று. 2009-ல் கிண்ணத்தின் அளவைக் கொஞ்சம் சிறிதாக்கினார்கள். இன்னும் ஏறிற்று. 2016-ல் வெள்ளியையே நிறுத்திவிட்டு வெள்ளி முலாம் பூசிய கிண்ணம் கொடுத்தார்கள்! 2025-ல் நூறைத் தாண்டியவர்கள் 99,763 பேர். அவர்களில் நூற்றுக்கு 88 பேர் பெண்கள்.

அந்தப் பெண்களில் இருவர் பெரும் புகழ் பெற்றவர்கள். 1892-ல் நகோயா ஊரில் பிறந்த இரட்டைச் சகோதரிகள். பெயர்களுக்கு அர்த்தம் 'தங்கம்', 'வெள்ளி'. நூறு வயதை நெருங்கும்போது டெலிவிஷனில் தோன்றினார்கள், விளம்பரங்களில் சிரித்தார்கள், இசைத்தட்டுக்கூட வெளியிட்டார்கள். வருகிற பணத்தை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டதற்கு, வயதான காலத்துக்குச் சேர்த்து வைக்கப் போகிறோம் என்றார்களாம்! தங்கப் பாட்டி 2000-லும், வெள்ளிப் பாட்டி மறு வருஷமும் காலமானார்கள்.

சிரித்தாயிற்று. இனி இன்னொன்று. அதே ஜப்பானில் மலைக்கு நடுவே நகோரோ என்று ஒரு கிராமம். வாலிபர்கள் எல்லோரும் பட்டணம் போய்விட்டார்கள். அயானோ என்ற பெண்மணி, தகப்பனாரைப் பார்த்துக்கொள்வதற்காக ஊர் திரும்பினார். வயலில் காக்கை விரட்ட ஒரு வைக்கோல் பொம்மை செய்தார். தகப்பனார் சாயல் வந்துவிட்டது. அப்புறம், ஊரில் யார் இறந்தாலும், யார் ஊரை விட்டுப் போனாலும், அவர்கள் மாதிரி ஒரு பொம்மை செய்து அவர்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் வைக்க ஆரம்பித்தார். 2012-ல் கடைசிக் குழந்தைகளும் வெளியேறிப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். இப்போது வகுப்பறையில் பிள்ளைகளும் பொம்மைகள், வாத்தியாரும் பொம்மை. உயிருள்ளவர்களைப் போலப் பல மடங்கு பொம்மைகள் அந்த ஊரில் குடியிருக்கின்றன. நவராத்திரிக்கு நாம் கொலு வைக்கிறோம். அங்கே வருஷம் முழுவதும் ஊரே கொலு.

ஜப்பானியர் வெறுமனே பொம்மை செய்துகொண்டிருக்கவில்லை. 2000-ஆம் வருஷம் ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். நாற்பது வயதானதும் ஒவ்வொருவரும் மாதா மாதம் ஒரு தொகை கட்ட வேண்டும். பிற்காலத்தில் படுக்கையில் விழுந்தால், குளிப்பாட்டவும் சோறு ஊட்டவும் பயிற்சி பெற்ற ஆள் வீடு தேடி வருவார். அதுவரை அந்த ஊரில் மாமியாரைத் தூக்கி நிறுத்தும் வேலை மூத்த மருமகள் தலையில்தான் விடிந்தது. நம்மூருக்குச் சொல்ல வேண்டுமா? சீனா வேறு வழியில் போயிற்று. பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி 2013-ல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். சட்டத்துக்குப் பயந்து வருகிற பிள்ளைக்குக் காப்பி கலந்து கொடுக்கும் தாயின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவள் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை கூடத்தான் போடுவாள்.

பொருநைக் கரையில்

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது தாமிரபரணி. எண்பது மைல் ஓட்டம்தான். பழைய திருநெல்வேலி ஜில்லாவுக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே முடிகிற நதி. 1986-ல் தூத்துக்குடி பிரிந்த பிறகுதான் அதற்கு இரண்டு ஜில்லா ஆயிற்று.

அதன் கரையோரமாக நாலு நாள் சுற்றினேன். பார்த்தவற்றில் மூன்று மட்டும் சொல்கிறேன்.

திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு நீள வீடு. தனியாக ஓர் ஆச்சி. எழுபத்தாறு வயது. மூன்று பிள்ளைகளும் நல்ல உத்தியோகத்தில். அவர்கள் பேரில் ஆச்சிக்கு ஒரு குறையும் இல்லை. "எய்யா, மூத்தவன் பெங்களூர்ல இருக்கான். எளையவன் துபாய்ல. மக சென்னையில. தெனமும் போன்ல மொகத்தைக் காட்டுதாவ. பேரப்பிள்ளைய பாடிக் காட்டுதாவ. எல்லாம் சரிதான். ஆனா வெள்ளிக்கெழமை எண்ணெ தேய்க்கணுமின்னா முதுகுக்குக் கை எட்டலியே, அதுக்கு யாரைக் கூப்பிட?" என்றாள்.

செல்போன் கண்டுபிடித்த மேதாவிகள் இதற்கு இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்தில் வரிசையாகப் பூட்டிய வீடுகள். நடுவில் ஒரு வீட்டில் மட்டும் அப்பள வாசனை. இரண்டு மாமிகள். சகோதரிகள் அல்ல, ஓரகத்திகள். இருவருமே கணவரை இழந்தவர்கள். மூத்தவருக்கு எண்பத்திரண்டு. இளையவருக்கு எழுபத்தெட்டு. "நாப்பது வருஷம் அடுப்பங்கரையிலே சண்டை போட்டாச்சு. பம்பாயிலே வந்து இருங்கோன்னு பிள்ளை கூப்பிடறான். அங்கே போனா சண்டை போடறதுக்குக்கூட ஆளில்லை. இங்கே இவளாவது இருக்கா" என்றார் மூத்தவர். இளையவர் உள்ளேயிருந்தபடி, "காது கேக்காதுன்னு நெனச்சுண்டு பேசறா, எல்லாம் கேக்கறது" என்றார். இருவருக்கும் தனித்தனி ரசம், ஒரே சாதம். முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் இந்த ஏற்பாட்டை ஒரு தடவை வந்து பார்க்கலாம்.

மூன்றாவது, முக்கூடல் பக்கத்தில் ஒரு தெரு. திண்ணைக்குத் திண்ணை பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செய்யும் தொழில் இது. அறுபத்தெட்டு வயதான ஒரு பெண், என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே இலையைச் சுருட்டி நூல் கட்டி எறிந்துகொண்டிருந்தாள். கையைப் பார்க்கவே இல்லை. "கண்ணு மங்கிப் போச்சு. வெரலு தானாச் சுத்துது. நிறுத்துனா மருமவகிட்ட வெத்தலைக்குக் கை நீட்டணும்லா?" பன்னிரண்டு வயதில் தொடங்கினாளாம். ஐம்பத்தாறு வருஷம். ரிடையர் ஆகும் வயது என்று ஒன்று உண்டு என்பதை அவளிடம் சொல்லி என்ன பயன்? பிராவிடண்ட் பண்டு பென்ஷன் உள்ளவர்களுக்குக் குறைந்தது மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2014-ல் சர்க்கார் நிர்ணயித்தது. பீடிப் பெண்களின் சம்பளம் சிறிது. ஆகவே பெரும்பாலோருக்கு அந்தக் குறைந்தபட்சம்தான் கிடைக்கிறது. கம்பெனிக் கணக்கில் பெயரில்லாமல், மகள் பெயரிலோ அண்டை வீட்டாள் பெயரிலோ சுற்றிக் கொடுத்தவளுக்கு அதுவும் கிடையாது.

இந்த மூன்று வீடுகளிலும் இருந்தது பெண்கள் மட்டும் என்பதைக் கவனித்தீர்களா? நான் தேடிப் போய்ப் பார்க்கவில்லை, அப்படித்தான் அமைந்தது. காரணம் எளிய கணக்கு. நம் வழக்கப்படி கணவர் ஐந்து, எட்டு, அந்தக் காலத்தில் பத்து வயதுகூட மூத்தவர். பெண்ணுக்கோ ஆணைவிட ஆயுள் நாலைந்து வருஷம் அதிகம். இரண்டையும் கூட்டுங்கள். கணவருக்குப் பின் பத்துப் பதினைந்து வருஷம் தனியாக இருக்கவேண்டிய வாழ்க்கை ஒன்று, கல்யாணப் பந்தலிலேயே பெண்ணுக்கு நிச்சயமாகிவிடுகிறது. அவருடைய கடைசிக் காலத்தில் அவள் பார்த்துக்கொண்டாள். அவளுடைய கடைசிக் காலத்தில்?

அதிலும் தாமிரபரணிப் பிரதேசம் பெண்கள் அதிகமான பிரதேசம். 2011 கணக்கில் திருநெல்வேலி ஜில்லாவில் ஆயிரம் ஆண்களுக்கு 1,023 பெண்கள்.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. கேரளத்திலிருந்தும் நம் தென் ஜில்லாக்களிலிருந்தும் நர்ஸ் படிப்புப் படித்த பெண்கள் கடல் கடந்து போகிறார்கள். ஜெர்மனிக்கு மலையாள நர்ஸுகள் 1960-களிலேயே போய்விட்டார்கள். அந்நிய தேசத்துப் பாட்டிக்கு நம் பெண் தலை வாரிவிடுகிறாள். அவள் அனுப்பும் பணத்தில் இங்கே அவளுடைய தாய்க்கு யாரோ ஒருத்தி தலை வாரிவிடுகிறாள்.

ரூபாயும் சட்டமும்

1962-ல் இருபது ரூபாயாக ஆரம்பித்த முதியோர் பென்ஷன், 2011-ல் ஆயிரமாகவும் 2023-ல் 1,200 ஆகவும் உயர்ந்தது. இதில் மத்திய சர்க்காரின் பங்கு, எண்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு, 2007-ல் வைத்த இருநூறு ரூபாய். வருஷங்கள் பல சென்றும் அது நகரவே இல்லை. மிச்சம் ராஜ்ய சர்க்காரின் கை. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. டவுன் ஆச்சி இதை மட்டும் வாயாரப் புகழ்ந்தாள். மாத்திரைக்காக அல்ல, மாத்திரை கொண்டு வருகிற பெண் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுவதற்காக! 2024-ல் சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளுடன் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று திறந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து கிண்டிக்கு நானூறு மைல் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, சகோதரிகளே, கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உங்கள் தாயாருக்கோ மாமியாருக்கோ படித்துக் காட்டினால் இன்னும் விசேஷம்.

2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்படி, தன் வருமானத்தில் வாழ முடியாத தாயோ தகப்பனோ பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். மகனிடம் மட்டும் அல்ல, மகளிடமும். குழந்தை இல்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாகப் போகும் உறவினரிடம் கேட்கலாம். மாதம் பதினாயிரம் ரூபாய் வரை உத்தரவிடச் சட்டம் இடம் தருகிறது. வக்கீல் வைக்கத் தேவையில்லை. நோட்டீஸ் போன தொண்ணூறு நாளில் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

அதில் 23-ஆவது பிரிவு முக்கியம். 'அம்மா, வீட்டை என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடு. கடைசி வரை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு கவனிக்காமல் விட்டால், அந்தத் தான செட்டில்மெண்ட்டை ரத்து செய்யலாம். ஆனால் பராமரிப்பேன் என்ற நிபந்தனையின்பேரில்தான் கொடுத்தது என்று காட்ட வேண்டும். 2022-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் இதை வற்புறுத்திற்று. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இது முதியோரின் நன்மைக்காக ஏற்பட்ட சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று கூறி, ஒரு தாய் மகனுக்கு எழுதிய பத்திரத்தை ரத்து செய்தது. கோர்ட் தாராளமாக இருக்கட்டும். நாம் ஜாக்கிரதையாக இருப்போம். எழுதித்தான் கொடுக்க வேண்டுமென்றால், 'என் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் நான் வசிப்பேன். என்னை இன்னார் பராமரிக்க வேண்டும். தவறினால் இந்தப் பத்திரம் செல்லாது' என்ற வாசகங்களைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுகிறவர், "எதுக்கு அம்மா, சொந்தப் பிள்ளைதானே?" என்பார். சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும், எழுதுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். உயில் எழுதுவது இன்னும் உத்தமம். மனம் மாறினால் மாற்றி எழுதலாம்.

முக்கூடல் திண்ணையில் இந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண், முதல் தடவையாகக் கையை நிறுத்தினாள். "பெத்த பிள்ளை பேருல மனுக் குடுக்கவா? வேண்டாம், எய்யா" என்றாள். பிறகு சற்று நேரம் கழித்து, "எங்கே குடுக்கணும்?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கோட்டாட்சியர் ஆபீசில் கொடுக்க வேண்டும். திருநெல்வேலி ஜில்லாவில் இரண்டு இடங்கள்: ஒன்று திருநெல்வேலி, மற்றது சேரன்மகாதேவி. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்கு வேறொருவர் எழுதித் தரலாம். ஆபீஸ் வரை போகக் காலுக்கு வலுவில்லை என்றால், போனில் 14567 என்ற எண்ணைக் கூப்பிடலாம், முதியோருக்கென்றே 2021-ல் ஏற்பட்டது, காசு கிடையாது.